அதிதியும் ஒறம்பரையும்



ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்வது மொழியறிஞர்க்கு உரிய வேலை. வேதியியல் பயிலும் மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. ஆயினும், அந்தச் சொல் ஒருநாள் தானே எங்களைத் தேடி வந்துவிட்டது. தேடி வந்ததை 'யார், எவ்வூர்' என்று கேளாமல் அனுப்புவது தமிழர்க்கு அழகன்று. ஆகையால் கேட்டுப் பார்த்தேன். கேட்டறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் ஊர் கோபாலபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் செல்லும் வழியில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் உள்ள எல்லையூர். சாவடிக்கு இப்பால் பேசும் தமிழே அப்பாலும் பேசப்படுகிறது. என் தந்தையார் உடுமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தேங்காய் வெட்டு வேலைக்காக அங்கே வந்தவர். ஒரு பருவம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நானும் என் தங்கையும் அங்கேதான் பிறந்தோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், நான் பட்டப்படிப்பில் சேரும்போது ஒரு சான்று தேவைப்பட்டது. தந்தையாரும் நானும் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கிருந்தவர் எங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு புன்னகையோடு, "நிங்ஙள் அதிதிகளல்லே!" என்றார். இழிவாகச் சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். ஆனால் அன்று சான்று கிடைக்கவில்லை. மேலும் இரண்டு முறை நடந்த பிறகே கிடைத்தது.

திரும்பி வரும் வழியில் தந்தையார் கேட்டார்: "அதென்ன சாமி, அதிதி?"

"விருந்தாளின்னு அர்த்தமுங்கப்பா" என்றேன்.

சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "இருவத்திமூணு வருசமாவா விருந்தாளி?" என்றார்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

சொல்லின் பிறப்பு

'அதிதி' என்பது வடமொழியின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. இருக்கு வேதத்திலேயே அது வழங்குகிறது. அங்கே தீக்கடவுளாகிய அக்கினியை 'அதிதி' என்று அழைக்கின்றனர். நெருப்பு வீடுதோறும் வந்து தங்குகிறது, ஊட்டினால் இருக்கிறது, ஊட்டாவிட்டால் போய்விடுகிறது. விருந்தினர்க்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு உண்டோ?

இச்சொல்லுக்குப் பலரும் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. 'திதி' என்பது நாள். 'அ' என்பது இன்மை. ஆகவே 'நாள் குறிக்காமல் வருபவன்' அதிதி என்பர். கேட்பதற்கு இனிய விளக்கம்தான். ஆனால் பழைய சொல்லாராய்ச்சியாளராகிய யாஸ்கர் தம் நிருக்தத்தில் வேறு வகையாகக் கூறுகிறார். வீடுகளை நோக்கிச் செல்பவன் என்பது அவர் தரும் பொருள்களுள் ஒன்று. குறித்த திதிகளில் பிறர் இல்லம் வருபவன் என்பது மற்றொன்று. ஒருவர் 'திதி உண்டு' என்கிறார், மற்றவர் 'திதி இல்லை' என்கிறார்! ஒரே சொல்லிலிருந்து நேர்மாறான இரண்டு விளக்கங்கள் பிறக்குமானால், அவற்றை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும் என்பது அறிவியல் எங்களுக்குக் கற்பித்த பாடம்.

இக்கால மொழியியலார் இன்னொரு சான்றைக் கொண்டுவந்து வைக்கின்றனர். பழைய ஈரானிய மொழியாகிய அவெஸ்தாவில் விருந்தினனை 'அஸ்தி' என்றனர். (எலும்பைக் குறிக்கும் அஸ்தி வேறு.) இரண்டும் உடன்பிறந்த சொற்கள். ஈரானியச் சொல்லுக்கும் இந்தியத் திதிக்கும் தொடர்பு காட்டுதல் அரிது. ஆகவே, 'அலைந்து செல்' என்னும் பொருளுடைய 'அத்' என்ற வினையடியே இவற்றின் வேர் என்று கருதுகின்றனர். அதன்படி, அதிதி என்றால் வழிச்செல்வோன். இன்று இங்கே, நாளை எங்கோ.

இங்கே ஒரு தவற்றையும் நீக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தின் 'கெஸ்ட்' என்ற சொல்லும் அதிதியும் ஒரு வேரின என்று சிலர் எண்ணுவர். அது பிழை. 'கெஸ்ட்' வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் இலத்தீனில் இரண்டு பிள்ளைகள்: 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தினன் அல்லது விருந்தளிப்பவன், 'ஹோஸ்திஸ்' என்றால் பகைவன். வாயிலில் நிற்கும் புதியவனை உள்ளே அழைப்பதா, விரட்டுவதா என்று மனிதர் தயங்கிய தயக்கம் அந்த ஒரு வேரிலேயே பதிந்து கிடக்கிறது.

ஓர் எழுத்து, இரு சொற்கள்

எல்லைப்புறத்தில் வளர்ந்த எங்களைப் போன்றோர்க்கு ஒரு நன்மை உண்டு. தமிழெழுத்தும் மலையாள எழுத்தும் ஒருசேரப் பழகிவிடும். அதனால் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது.

வடமொழியில் விருந்தினனைக் குறிக்கும் சொல்லும், தேவர்களின் தாயாகிய தெய்வத்தின் பெயரும் வெவ்வேறு சொற்கள். முன்னதில் ஈற்றெழுத்து மூச்சோடு ஒலிக்கும் வல்லொலி. பின்னதில் அவ்விடத்தில் மூச்சில்லாத ஒலி, நடுவெழுத்தோ மெலிந்த ஒலி. மலையாளத்தில் இவற்றைத் தனித்தனி எழுத்துகளால் எழுதுவர். தமிழில் தகரம் ஒன்றே. ஆகவே தமிழில் எழுதினால் இரண்டும் 'அதிதி'தான். நம் வகுப்பில் அதிதி என்னும் பெயருடைய பெண் ஒருத்தி இருந்தால், அவள் தேவமாதாவின் பெயரைப் பெற்றவளே அன்றி விருந்தாளி அல்லள்.

ஆண்களுக்கோ அதிதி என்ற பெயர் பழங்காலத்தில் இருந்தது. இராமனுடைய மகன் குசன். குசனுடைய மகன் பெயர் அதிதி. காளிதாசரின் இரகுவமிசத்துப் பதினேழாம் சருக்கம் அவனைப் பற்றியதே. நாடாள வந்தவனுக்கு விருந்தினன் என்று பெயர்! அரசுரிமை நிலையற்றது என்று எச்சரிக்கத்தான் அப்பெயரை இட்டனரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

சொல் சென்ற வழி

ஊர் சுற்றுவதையே பொருளாக உடைய சொல் ஒரே ஊரில் தங்குமா? அதிதி எல்லாத் திசையும் சென்றது. பாலிமொழியில் புகுந்தது. சைன இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் இறுதியானது, அதிதிகளுக்குப் பகுத்தளிக்கும் விரதம். இந்தியிலும் மராத்தியிலும் குசராத்தியிலும் இச்சொல் உண்டு. இந்தியில் பாரசீகத்திலிருந்து வந்த 'மெஹ்மான்' என்பதும் அதனோடு சேர்ந்து வாழ்கிறது. மேடையில் பேசுகிறவர் 'அதிதி' என்பார். வீட்டில் அவரே 'மெஹ்மான் வந்திருக்கிறார்' என்பார்.

வங்காளத்திற்குச் சென்றபோது அகரம் ஒகரமாகி 'ஒதிதி' ஆயிற்று. இரவீந்திரநாத தாகூர் 1895-இல் அப்பெயரில் ஒரு சிறுகதை எழுதினார். எந்த வீட்டிலும் கட்டுண்டு நில்லாத ஒரு சிறுவனின் கதை அது. எல்லோரும் அவனிடம் அன்பு வைக்கின்றனர். திருமணமும் பேசி முடிக்கின்றனர். அதற்குள் அவன் போய்விடுகிறான். வேரில் இருந்த 'அலைதல்' என்னும் பொருள் அக்கதையில் உயிர்பெற்று வருகிறது.

தெற்கே கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மூன்றும் இச்சொல்லை மூச்சொலியோடு அப்படியே ஏற்றன. தமிழிலும் புராணக் கதை சொல்வோர் 'அதிதி அப்பியாகதர்' என்று இணைத்துக் கூறுவதுண்டு. ஆனால் நம் நாட்டுப்புறத்தில் அது வேரூன்றவில்லை. என் தந்தையார் அதைக் கேட்டறியாததில் வியப்பில்லை.

கீழ்த்திசையில் நிலைமை வேறு. பௌத்தம் பரவிய சிங்களத்திலும் தாய்லாந்திலும் 'ஆகந்துக' என்னும் மற்றொரு சொல் பெருவழக்காயிற்று. 'வந்து சேர்ந்தவன்' என்பது அதன் பொருள். மடத்திற்கு வரும் வெளியூர்த் துறவியின் கடமைகளைப் பௌத்த விநய நூல் அப்பெயராலேயே வகுத்துக் கூறுவதும் இதற்குக் காரணமாகலாம். தாய்லாந்தில் அரச விருந்தினரைக் குறிக்க இன்றும் அச்சொல்லே பயன்படுகிறது.

அந்நாட்டில் எளிய மக்கள் வழங்கும் சொல் வேறு. அது நம் காதில் 'கேக்' என்று விழும், தின்னும் பண்டமன்று. சீன மொழியிலிருந்து வந்தது என்று கருதப்படும் அச்சொல்லுக்கு விருந்தினன் என்று பொருள். அதுவே இந்தியரையும் மலாய்க்காரரையும் குறிக்கும் பெயராகவும் ஆகிவிட்டது. பாங்காக்கு நகரில் சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்நகரத்தார் அதை 'வாட் கேக்' என்பர். விருந்தினர் கோயில் என்பது அதன் நேர்ப்பொருள். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அம்மன் அங்கே விருந்தாளியாகவே வீற்றிருக்கிறாள்!

நம் சொல்: விருந்து

இனி நம் வீட்டுச் சொல்லைப் பார்ப்போம். 'விருந்து' என்றால் இன்று நமக்கு இலையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் பழம்பொருள் உணவன்று, புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகள் எட்டனுள் ஒன்றை 'விருந்து' என்கிறார். புதிதாகப் பாடப்படுவது என்பது அங்கே கருத்து. புதுமையைக் குறித்த சொல் புதிதாக வந்தவரைக் குறித்தது. பிறகு அவருக்குப் படைக்கும் உணவைக் குறித்தது. பிறகு ஆளைக் குறிக்க வேறு சொல் தேவைப்பட்டது. 'விருந்தினர்', 'விருந்தாளி' என்று ஈறு சேர்த்துக்கொண்டோம். தெலுங்கின் 'விந்து', மலையாளத்தின் 'விருந்நு' ஆகியவையும் இதன் உறவுகளே. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கை எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. குறுந்தொகையில் காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார்க்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே வந்தது.

வடமொழியார் வந்தவனுடைய கால்களைப் பார்த்தனர். அவன் நடந்து செல்பவன் என்றனர். தமிழர் அவனுடைய முகத்தைப் பார்த்தனர். இது புதுமுகம் என்றனர். இரண்டும் அழகிய பார்வைகளே. ஆனால் இரண்டிலும் ஒரு காலக்கெடு ஒளிந்திருக்கிறது. நடப்பவன் போய்விட வேண்டும், புதியது பழையதாகிவிடும். பிறகு?

எத்தனை நாள்?

பழைய நூல்கள் இதற்குக் கணக்கே வைத்திருக்கின்றன. ஓர் இரவு தங்குபவனே அதிதி என்று மனு நூல் இலக்கணம் கூறுகிறது. நம் பழமொழி சற்றுத் தாராளமானது: 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்.'

அதே வேளையில், அந்த ஓர் இரவுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பும் பெரிது. கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் எமனுடைய இல்லத்திற்குச் செல்கிறான். எமன் வீட்டில் இல்லை. சிறுவன் மூன்று இரவு உணவின்றிக் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன் நடுங்குகிறான். இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். விருந்தினனைக் காக்க வைத்தால் எமனே கடன்காரன் ஆகிறான். சான்றுக்காக மூன்று முறை நடந்த எங்களுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது!

இப்போது அலுவலகத்தில் கேட்ட சொல்லுக்குத் திரும்புவோம். கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளரை 'அதிதி தொழிலாளி' என்று அரசே அழைக்கிறது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் இப்பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. 'அந்நியர்' என்பதைவிட இது எவ்வளவோ பண்பட்ட பெயர். பெயரோடு நின்றுவிடவும் இல்லை. 2017-இல் அவர்களுக்கு 'ஆவாஸ்' என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2019-இல் எங்கள் பாலக்காட்டு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டிலேயே அவர்கள் தங்குவதற்கு 'அப்னா கர்' என்னும் விடுதி திறக்கப்பட்டது. இவற்றை நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

ஆயினும் சொல்லுக்குள் இருக்கும் கடிகாரம் நிற்பதில்லை. இதை உலகம் முன்பே ஒருமுறை கண்டது. போருக்குப் பின் மேற்கு செருமனி ஆள் பற்றாக்குறையால் 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தது. அவர்களுக்கு இட்ட பெயர் 'காஸ்ட்டார்பைட்டர்'. விருந்தினத் தொழிலாளர் என்பதே பொருள். 1973-இல் வரவழைப்பது நின்றது. ஆனால் வந்தவருள் பலர் திரும்பவில்லை, குடும்பத்தை வரவழைத்துக்கொண்டனர், பிள்ளைகள் பிறந்தன. அங்கே பிறந்த வெளிநாட்டார் பிள்ளைகள் பிறப்பாலேயே குடியுரிமை பெற வழிசெய்யும் சட்டம் 2000-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை, விருந்தினனுக்குப் பிறந்த குழந்தையும் விருந்தினனே!

எங்கள் சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது; பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் இரண்டும் கேரளம் ஆயின. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை கிள்ளித் தலைமுறைகள் கழித்தோரும் உளர். அவர்களை எவரும் அதிதி எனல் ஆகாது. என் தந்தையாரோ பின்னர் வந்தவர். அவரை எந்தக் கணக்கில் வைப்பது? ஓர் இரவும் கடந்தது. மூன்று நாளும் கடந்தன.

ஆய்வுக்கூடத்து விருந்தினர்

வேதியியலிலும் விருந்தினர் உண்டு. ஒரு மூலக்கூறு கூடுபோல் அமைந்து, மற்றொரு மூலக்கூற்றை உள்ளே வைத்துக்கொண்டால், முன்னதை விருந்தோம்பி என்றும் பின்னதை விருந்தினர் என்றும் அழைக்கிறோம். இத்துறைக்கு 1987-இல் பெடர்சன், கிராம், லேன் என்னும் மூவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மீத்தேன் ஐதரேட்டு. பார்ப்பதற்குப் பனிக்கட்டி போன்றது. தீக்குச்சி வைத்தால் எரியும். கிருட்டிணை, கோதாவரி ஆறுகளின் கழிமுகத்தை அடுத்த ஆழ்கடலில் இது பெருமளவில் இருப்பதை 2006-இல் துளையிட்டுக் கண்டனர். இதன் அமைப்பு வியப்பானது. நாற்பத்தாறு நீர் மூலக்கூறுகள் கைகோத்து எட்டு அறைகளைக் கட்டுகின்றன. அறைக்குள் மீத்தேன் தங்குகிறது. நீருக்கும் மீத்தேனுக்கும் இடையே வேதிப் பிணைப்பு ஏதும் இல்லை. பார்த்தால், மீத்தேன் வெறும் விருந்தாளிதான்.

ஆனால் அந்த விருந்தாளி வெளியேறினால் என்ன ஆகும்? வீடு இடிந்துவிடும்! உள்ளே இருப்பவர் தாங்குவதால்தான் அறை நிற்கிறது. 2014-இல் நியான் வாயுவை வெளியேற்றி, வெறுங்கூட்டை நிறுத்திக் காட்டினர் சிலர். அதுவும் கடுங்குளிரில் மட்டுமே நின்றது. நாற்று நடவிலிருந்து கட்டட வேலைவரை எங்கள் மாவட்டத்தில் யார் கைகள் செய்கின்றன என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூடு நினைவுக்கு வருகிறது. யார் யாரைத் தாங்குகிறார் என்பதை 'விருந்தினர்' என்ற பெயர் மறைத்துவிடுகிறது.

ஒறம்பரை

இறுதியாக, எந்த அகராதியையும் புரட்டாமல் எனக்குக் கிடைத்த சொல் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கொங்கு நாட்டார் வீட்டுக்கு வருபவரை 'ஒறம்பரை' என்பர். "ஒறம்பரை வந்திருக்குது" என்றால் விருந்து வந்திருக்கிறது என்று பொருள். அதே சொல் உறவினரையும் குறிக்கும். உறவு என்னும் ஒலி அதற்குள் கேட்கிறதல்லவா? வந்தவன் வழிப்போக்கனா, புதியவனா என்று இச்சொல் பார்க்கவில்லை. வந்துவிட்டான், ஆகவே உறவு. இதில் நாள் கணக்கு இல்லை. அதிதி ஒருநாள் போயாக வேண்டும். உறவு போனாலும் உறவுதான், இருந்தாலும் உறவுதான்.

என் தந்தையார் வேலை செய்யும் தோப்பிற்கு இப்போது வங்காளத்திலிருந்து இளைஞர் சிலர் வந்திருக்கின்றனர். கேரளத்துத் தெருக்களில் அவர்களைப் 'பாய்' என்று கூப்பிடுகின்றனர். அண்ணன் தம்பியைக் குறிக்கும் அச்சொல்லைச் சிலர் அன்போடும் சிலர் ஏளனத்தோடும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே சொல் மட்டும் போதாது. சொல்லும் வாயும் வேண்டும்.

சென்ற விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது, அவர்களுள் ஒருவன் மழைக்கு ஒதுங்கி எங்கள் திண்ணையில் நின்றான். என் வயதுதான் இருக்கும். உங்கள் மொழியில் விருந்தாளியை என்னவென்பீர்கள் என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "ஒதிதி" என்றான். ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து அச்சொல் எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டது! நான் வியந்துகொண்டிருக்கும்போதே, தந்தையார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஒறம்பரை வந்திருக்குது, இன்னொரு எலை போடு."

அன்று அலுவலகத்திலிருந்து வரும் வழியில் கேட்ட கேள்விக்கு அவரே விடை கூறிவிட்டார் என்று நான் கொள்கிறேன்.

தோழர்களே! வரும் மாதம் நம் விடுதிக்குப் புதிய மாணவர் வருவர். அவருள் தமிழரும் இருப்பர், பிறரும் இருப்பர். நாம் எல்லோரும் ஏதோ ஓர் எல்லையைக் கடந்து இங்கே வந்தவர்களே. அவர்களை எந்தச் சொல்லால் வரவேற்கப் போகிறோம்? அதிதி எனலாம், நாகரிகமான சொல். விருந்து எனலாம்; நம் பழஞ்சொல். ஆனால் நான்காம் நாளும் அவர்கள் நம்மோடு இருப்பார்களே! அன்றைக்கும் செல்லக்கூடிய ஒரு சொல்லை இன்றே நாவில் பழக்கிக்கொள்வோமாக.